பதினோராம் மாடியில் ஒரு தாய்மாமன்

1

எங்க கட்டடத்து லிஃப்டுல கண்ணை மூடிக்கிட்டு நின்னாலும் எந்த மாடி வந்திருக்குன்னு நான் சொல்லிடுவேன். கதவு தொறக்கறப்ப கருவாடு பொரியிற வாசம் வந்தா அது நாலாவது மாடி, பிலிப்பைன்ஸ்காரங்க அங்கதான் அதிகம். ஏலக்காய், பட்டையெல்லாம் போட்டு டீ கொதிச்சா ஆறாவது, சோமாலியாக் குடும்பங்க. எட்டுல இருக்குற யாழ்ப்பாணத்து அக்கா மொளகாய் வறுத்தாங்கன்னா லிஃப்டுல நிக்கிற அத்தனை நாட்டுக்காரங்களும் ஒண்ணாத் தும்முவோம். பதினொண்ணுல நாங்க. எங்களுக்கு எதிர் வூடு குவாக்கு அண்ணன், மேற்கு ஆப்பிரிக்காவுல கானாங்கற நாட்டுலேர்ந்து வந்தவரு. மக்காச்சோள மாவைப் புளிக்க வச்சு, சோளத் தோகையில சுத்தி அவிப்பாரு. நம்மூர்ல கூழுக்கு மாவு கரைச்சு வச்ச அடுக்களை வாசமேதான் அது. வேலை முடிஞ்சு அசந்துபோயி வர்றப்ப அந்த வாசம் மூக்குல பட்டா, கொஞ்ச நேரம் நான் எங்க நிக்கிறேன்னே எனக்குப் புரியாது.

டொரன்டோ நகரத்தோட கிழக்கு ஓரம் இது, ஸ்கார்பரோம்பாங்க. நான் அரியலூர் மாவட்டத்துக்காரி, மீன்சுருட்டிக்குப் பக்கம். இங்க வந்து எட்டு வருஷம் முடிஞ்சு ஒம்பது நடக்குது.

இங்க எல்லாரும் ஒத்துமையா கொஞ்சிக் கொலாவிக்கிட்டு இருக்கோம்னு உங்ககிட்ட கதை விட மாட்டேன். துணி தொவைக்கிற மெஷினுக்கு நாங்க போட்ட சண்டையெல்லாம் எழுதுனா இந்தப் பத்தி பத்தாது. கீழ நோட்டீஸ் போர்டுல ‘சமைக்கும்போது சன்னலைத் திறந்து வைக்கவும்’னு ஒரு தாள் ஒட்டியிருக்கும். அது யாரைச் சொல்லுதுன்னு ஒவ்வொரு மாடியும் அடுத்த மாடியைப் பார்க்கும். ஆனா லிஃப்டு ஒண்ணுதான் இருக்கு, எல்லாரும் அதுலதான் ஏறியாகணும்.

போன மாசம் எம்பொண்ணு கயலுக்கு ஏழு வயசு முடிஞ்சுது. கேக் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நானும் அவளும் லிஃப்டுல ஏறுனோம். கூட குவாக்கு அண்ணனும் வந்தாரு. நாலாவது மாடியில ஒரு பிலிப்பைன்ஸ்கார அம்மா கைக்கொழந்தையோட ஏறுனாங்க. அந்தக் கொழந்தை காதுல கடுகு மாதிரி ரெண்டு தோடு.

கயல் அதையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்பறம் எல்லாருக்கும் புரியணும்னே இங்கிலீஷ்ல கேட்டா: “இந்தப் பாப்பாவுக்கே குத்தியாச்சு. எனக்கு ஏம்மா இன்னும் குத்தலை?”

லிஃப்டுல இருந்த அத்தனை பேரும் அவ காதைப் பார்த்தாங்க. வெறுங்காது. எங்க ஊர்ல ஏழு வயசுப் பொண்ணு வெறுங்காதோட நின்னா தெருவே கேள்வி கேக்கும். இங்க லிஃப்டு கேட்டுச்சு.

“உங்க மாமா வரட்டும்டி”ன்னேன்.

“மாமாதான் இங்க நிக்கிறாரே”ன்னு குவாக்கு அண்ணனைக் காட்டுனா. அவ அவரை அப்படித்தான் கூப்புடுறது, பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து.

குவாக்கு அண்ணன் என்னைப் பார்த்தாரு. நான் மேல மாறுற நம்பரைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

2

ஊர்ல இருக்குறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எங்க பக்கத்துக்காரங்க இல்லாதவங்களும் படிப்பீங்கல்ல. காது குத்துன்னா எங்களுக்குத் தாய்மாமன் மடி. அப்பன் மடியில வச்சுக் குத்துனதா நான் கேள்விப்பட்டதே இல்லை. மாமன் புதுத்துணி, தோடு, வாழைப்பழம், தேங்காய், வெல்லம்னு தட்டு எடுத்துக்கிட்டு வரணும். கொழந்தையை மடியில வச்சு ரெண்டு கையையும் புடிச்சுக்கணும். வாயில ஒரு வெல்லக்கட்டியை வச்சதுக்கு அப்பறம்தான் ஆசாரி ஊசியை எடுப்பாரு. அது வெல்லத்தைச் சப்புற நேரத்துல வேலையை முடிச்சிருவாரு. பொறவு வந்தவங்களுக்கெல்லாம் காப்பரிசி. ஊறவச்ச அரிசியில வெல்லமும் தேங்காயும் கலந்து, ஆளுக்கு ஒரு புடி.

எனக்கு அண்ணன் ஒண்ணே ஒண்ணு, பேரு சேகர். நான் பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே அப்பா போயிட்டாரு. அண்ணன்தான் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி என்னைப் பெரம்பலூர் பக்கத்துல குரும்பலூர் காலேஜுல சேத்துச்சு. லீவு விட்டா ஹாஸ்டல் வாசல்ல லாரியோட வந்து நிக்கும், புருவம் வரைக்கும் வெள்ளைத் தூசியோட. “ஏறு”ன்னு ஒரு வார்த்தை. பெரம்பலூர் தாண்டுற வரைக்கும் வேற ஒண்ணும் பேசாது. அரியலூர் வந்தாத்தான் “பசிக்குதா?”ன்னு கேக்கும். அவ்வளவு பேச்சுலயே நான் நெறஞ்சு கெடந்த காலம் அது.

அந்தக் காலேஜுலதான் அன்பழகனைப் பார்த்தேன். பார்த்தேன்னு சொல்றதே வேடிக்கை. அன்பு எங்க ஊரேதான். எங்க தெருவுக்கும் அவங்க தெருவுக்கும் நடுவுல ஒரு வாய்க்கா, வேற ஒண்ணுமில்லை. அவங்க தெரு சனம் ஒரு காலத்துல எங்க தெருக்காரங்க வயல்ல கூலிக்கு நின்னவங்க. நான் அந்தத் தெருவுக்குள்ள கால் வச்சதே கெடையாது, அன்பு எங்க வூட்டு வாசப்படி ஏறுனதே கெடையாது. வேற ஊருக்குப் போயி ஒரே வகுப்புல உக்காந்தப்பறம்தான் ரெண்டு பேரும் ஒரே ஊருன்னு தெரிஞ்சுக்கிட்டோம்.

ரிஜிஸ்டர் ஆபீசுல கல்யாணம். அண்ணன் என்னைத் திட்டலை, அடிக்கலை. “எனக்குத் தங்கச்சி இல்லை”ன்னு சொல்லிட்டு லாரியை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அதுதான் அது எங்கிட்ட கடைசியா பேசுனது.

அம்மா மட்டும் அண்ணன் வெளிய போன நேரமாப் பார்த்து ஃபோன் பண்ணும். “ஆடி கழியட்டும், பேசிப் பாக்குறேன். தை பொறக்கட்டும், பேசிப் பாக்குறேன்.” எம்பொண்ணு காது இப்படியே ஆடிக்கும் தைக்கும் நடுவுல காத்துக்கிட்டு இருக்கு.

அன்புக்கு இதுல பொறுமை போயி ரொம்ப நாளாச்சு. “குத்தப்போறது கயல் காதை. நீ காத்துக்கிட்டு இருக்குறது கயலுக்காகவா, உங்க அண்ணனுக்காகவா?”ன்னு கேக்கும். கேள்வியில இருக்குற வலி எனக்குத் தெரியும். அந்த மடி வரலைங்கறது எனக்கு வருத்தம், அன்புக்கு அவமானம்.

இன்னொண்ணு சொல்லணும். இங்க ஆஸ்பத்திரி, பேங்க்கு எங்க போனாலும் என்னை அப்பா பேர்லதான் கூப்புடுறாங்க. பாஸ்போர்ட்டுல அப்பா பேரு இருக்குல்ல, அதைக் குடும்பப் பேருன்னு எடுத்துக்கிட்டாங்க. மாத்தச் சொல்லி ஒரு ஆபீசுக்குப் போனேன், அவங்க இன்னொரு ஆபீசைக் கைகாட்டுனாங்க, விட்டுட்டேன். ‘மிஸஸ் கோவிந்தராஜ்’னு கூப்புட்டா நான் எந்திரிச்சு நிக்கணும். எங்க வூட்டுல என் பேரையே யாரும் எடுக்கறதில்லை, இங்க ஒரு சீனத்து நர்ஸு வாய் நெறைய எங்கப்பாவைக் கூப்புடுது. மொதல்ல சிரிப்பா இருந்துச்சு. இப்பல்லாம் இன்னொரு தடவை கூப்புடட்டுமேன்னு கொஞ்சம் மெதுவாத்தான் எந்திரிக்கிறேன்.

3

ஒரு முதியோர் இல்லத்துச் சமையக்கட்டுல எனக்கு வேலை. சாயங்காலம் திரும்பி வர்ற பஸ்ஸு நல்லா கதகதன்னு இருக்கும். வெளிய பனி விழுந்துக்கிட்டே இருக்கும், சத்தமே இல்லாம. கண்ணாடியில தலையைச் சாய்ச்சா அடுத்த நிமிஷம் தூக்கம். அந்தத் தூக்கத்துல ஒரே கனவு, இந்தக் குளிர்காலம் பூரா.

பஸ்ஸு ஸ்கார்பரோ ரோட்டுல போயிக்கிட்டே இருக்கும்போதே ரெண்டு பக்கமும் பனி கரைஞ்சு முந்திரிக் காடா ஆயிடும். செவப்பு மண்ணு. ஜெயங்கொண்டம் தாண்டி மீன்சுருட்டி கடைவீதியில வந்து நிக்கும். இங்க பஸ்ஸுல கண்டக்டர் கெடையாது, ஆனா யாரோ “மீன்சுருட்டி எறங்கு”ன்னு கொரல் குடுப்பாங்க. நாலாவது மாடி, ஆறாவது மாடி, எட்டாவது மாடி, எல்லாரும் எறங்குவாங்க, பனிக்கோட்டும் பூட்ஸுமா, அந்த வெயில்ல. யாருக்கும் வேர்க்காது. எங்க ஊரைப் பார்த்து நடப்பாங்க. வாய்க்கா வந்ததும் அவங்களை நிறுத்தப் பார்ப்பேன்.

ஏன்னா எது எந்தத் தெருன்னு அவங்களுக்குத் தெரியாது. அதனால எல்லாத் தெருவுலயும் நொழைஞ்சிடுவாங்க. ஆறாவது மாடி சோமாலியா அம்மா என் மாமியார் வூட்டு வாசல்ல உக்காந்து டீ குடிப்பாங்க. பாதி குடிச்ச கிளாஸோடயே எந்திரிச்சு வாய்க்காவைத் தாண்டி எங்க வூட்டுக்கு வருவாங்க. எங்கம்மா “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?”ன்னு கேக்கும். அவ்வளவு சாதாரணமா கேக்கும். எட்டாவது மாடி அக்கா எங்கிட்ட வந்து “தங்கச்சி, அது ஆர், லொறி கழுவுறது?”ம்பாங்க. பார்த்தா அண்ணன், எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வாளித் தண்ணியை வீசி வீசி டயரைக் கழுவுது. “அண்ணே”ன்னு கூப்புடுவேன். கை நிக்கும். தலை திரும்பப் போகும்.

அப்பத்தான் பஸ்ஸுல இருக்குற பதிவுக்குரல் எங்க ஸ்டாப்போட பேரைச் சொல்லும். நான் எந்திரிச்சு எறங்கிடுவேன். எத்தனை தடவை கண்டாலும் அண்ணன் முகத்தை இன்னும் பார்த்தபாடில்லை. நரைச்சிருக்குமா, மீசையை எடுத்திருக்குமா, ஒண்ணும் தெரியலை.

வூட்டுக்குள்ள நொழைஞ்சா கயல் ஓடி வருவா. “பசிக்குதா?”ன்னு கேட்டா “ஓம் அம்மா”ம்பா. பாடம் சொல்லிக் குடுத்தா “விளங்கேல்லை”ம்பா. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புல வாத்தியாரம்மா யாழ்ப்பாணம். புள்ளைங்க இங்கிலீஷ்ல போயிடும்னு எல்லாரும் பயப்படுவாங்க, எம்பொண்ணு தமிழ்லயே வேற ஊருக்குப் போயிட்டா. அவ பேச்சுல அரியலூர் எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கான்னு நான் காதைத் தீட்டிக்கிட்டுக் கேப்பேன். ‘வூடு’ன்னு ஒரு வார்த்தை மட்டும் இருக்கு, அது போதும்னு விட்டுட்டேன்.

4

பொறந்தநாள் அன்னிக்கே, கேக் வெட்டி முடிச்சதும் குவாக்கு அண்ணன் வந்து கதவைத் தட்டுனாரு. ஏர்போர்ட்டுல பெட்டி ஏத்துற வேலை அவருக்கு. அந்த மஞ்சச் சட்டையோடயே உக்காந்தாரு.

அவரு எப்படி எனக்கு அண்ணன் ஆனாருன்னு சொல்லணும். கயல் வயித்துல இருந்தப்ப வலி எடுத்துடுச்சு, அன்பு வேலையில இருக்கு, லிஃப்டு ரிப்பேரு. இவருதான் என் கையைப் புடிச்சு, பதினோரு மாடியையும் மெள்ள மெள்ள எறக்கிக் கூட்டிக்கிட்டுப் போனாரு. ஒவ்வொரு மாடியிலயும் நிறுத்தி, அவரு தங்கச்சி கதையைச் சொல்லுவாரு. அவ ரொம்ப வாயாடியாம். நான் வலியில “அண்ணே, அண்ணே”ன்னேன். அதுக்கு என்ன அர்த்தம்னு அடுத்த நாள் ஆஸ்பத்திரியில அன்புகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாராம்.

நாங்க இங்கிலீஷ்லதான் பேசிக்குவோம். எனக்கு அது தமிழாத்தான் ஞாபகத்துல நிக்கிது, அப்படியே எழுதுறேன்.

“லிஃப்டுல புள்ளை கேட்டப்ப நீ ஏம்மா மேல பார்த்துக்கிட்டு நின்ன?”

மறைக்க ஒண்ணுமில்லை. தாய்மாமன், மடி, சீர்த்தட்டு, அண்ணன், வாய்க்கா எல்லாத்தையும் சொன்னேன். இதெல்லாம் இவருக்கு எங்க புரியப்போவுதுன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் சொன்னேன்.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவரு சொன்னாரு: “எங்க ஜனத்துல புள்ளை அப்பன் குடும்பத்துல சேராது. அம்மா வழிதான், அம்மாவோட பொறந்தவன்தான் பெரிய ஆளு. என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்தது எங்க மாமா. எனக்குப் பொண்ணு கேட்டுப் போனது எங்க மாமா. அவரு இல்லாம எங்க வூட்டுல எதுவும் நடக்காது. நீ எனக்குப் புதுசா எதையும் சொல்லலை.”

“அப்படியா அண்ணே”ன்னேன்.

“இந்தா, இப்பக்கூட அண்ணேங்கற. புள்ளை மாமாங்கறா. ஏழு வருஷமா கூப்புடுறீங்க. அவளுக்கு ஒரு காரியம்னா என்னைக் கேக்கத் தோணலையே. அப்ப அது சும்மா வாய் வார்த்தையா?”

எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. நாம யாரைத்தான் அண்ணன்னு கூப்புடலை? பஸ்ஸுல சில்லறை குடுக்குறவரு அண்ணன், பரோட்டா போடுறவரு அண்ணன், வழி கேட்டா சொல்றவரு அண்ணன். ஒரு மரியாதை, ஒரு பழக்கம், அதோட சரி. நான் அப்படித்தான் குடுத்தேன். இவரு அதை வூட்டுச் சாவி மாதிரி வாங்கிப் பத்திரமா வச்சிருந்திருக்காரு.

“எங்க அண்ணன் வரும்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்”னேன். 

“வந்தா எனக்கும் சந்தோஷம்தான். எனக்கும் ஊர்ல தங்கச்சி இருக்கா, அவளுக்கு மூணு புள்ளைங்க. ஒண்ணைக்கூட நான் தொட்டதில்லை. என் பேப்பர் இன்னும் எந்த ஆபீசுல தூங்குதோ, இந்த நாட்டை விட்டு வெளிய போனா திரும்ப உள்ள விட மாட்டான். என் மடியும் சும்மாத்தான் கெடக்கு.”

கேக்குல ஒரு துண்டைக் காகிதத் தட்டுல வாங்கிக்கிட்டு, கதவுகிட்ட போயி நின்னு, “எதிர் வூட்டுலதான் இருக்கேன்”னு சொல்லிட்டுப் போனாரு. அன்பு பாத்திரம் கழுவப் போயிடுச்சு.

5

அடுத்த தடவை அம்மா ஃபோன் பண்ணப்ப சொல்லிட்டேன்.

“கறுப்பு ஆளு மடியிலயாடி?” அம்மா கொரல் சன்னமாயிடுச்சு. “நம்ம சனம் என்ன சொல்லும்?”

“எந்தச் சனம்மா? எங்கிட்ட பேசாத சனமா?”

அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியலைன்னா பேச்சை மாத்திடும், அது வழக்கம். அண்ணன் இப்ப லாரி வேலைக்குத் தோதா அரியலூர்லயே வாடகைக்கு வூடு எடுத்து அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்துடுச்சு. அதனால அம்மாகிட்ட சொல்றதுக்குப் புதுச் சங்கதி நெறைய. தெருவுல பாதி இந்திக்காரங்கதானாம், சிமெண்டு ஃபாக்டரிக்கும் கட்டட வேலைக்கும் வந்தவங்க. பக்கத்து போர்ஷன்லயும் இந்திக்காரங்கதானாம்.

“இந்தி பேசுறாங்களா?”

“என்னமோ பேசுறாங்க. வங்காளமாம்.”

“அப்பறம் ஏம்மா இந்திக்காரங்கங்கற?”

“போடி. எல்லாம் ஒண்ணுதான்.” அம்மா குஷியா ஆரம்பிச்சுது. “அதுங்க புள்ளைக்கு நேத்து மொதச் சோறு ஊட்டுனாங்கடி. அவங்கள்ல தாய்மாமன்தான் மடியில வச்சு ஊட்டணுமாம். அந்தப் பொண்ணோட தம்பிக்கு லீவு கெடைக்கலை. பாவம், நம்ம வாசல்ல வந்து நின்னு கண்ணைக் கசக்குது. நீங்க அண்ணன் மாதிரிதானேன்னு உங்க அண்ணனைக் கூப்புடுது. இவனும் குளிச்சு வேட்டியைக் கட்டிக்கிட்டுப் போயி, புள்ளையை மடியில தூக்கி வச்சு, பாயசமும் சோறும்…”

அங்கயே நின்னுடுச்சு அம்மா. என்ன சொல்லிட்டோம்னு அதுக்குப் புரிஞ்சுபோச்சு.

“இருக்கியாடி?”

“இருக்கேம்மா.”

“அது வந்துடி… அவங்க யாருன்னு நமக்கென்ன தெரியும்? எந்தத் தெருன்னு தெரியுமா, என்னன்னு தெரியுமா…”

அம்மா சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தை அது. ஆனா அதுலதான் எல்லாம் இருந்துச்சு. எந்தத் தெருன்னு தெரியாத புள்ளைன்னா மடியில வச்சுக்கலாம். எம்பொண்ணோட தெரு அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் அவ செஞ்ச குத்தம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.  ஆனா ஆத்திரத்துல பாதி பொறாமைன்னும் எனக்கே தெரிஞ்சுது. கண்ணை மூடுனா அண்ணன் வேட்டியோட உக்காந்திருக்கு, பாஷை தெரியாத பொண்ணுங்க சுத்தி நின்னு கொலவை விடுறாங்க, மடியில ஒரு வங்காளத்துப் புள்ளை வாயெல்லாம் பாயசத்தோட அண்ணன் மீசையைப் புடிச்சு இழுக்குது. மீசை இருக்கோ இல்லையோ, நான் வச்சுக்கிட்டேன். இவ்வளவு நாளா அண்ணனுக்கு மடியே இல்லாம போச்சுன்னு நெனைச்சிருந்தேன். மடி இருக்கு, எம்பொண்ணுக்குத்தான் இல்லை.

“வர்ற சனிக்கிழமை கயலுக்குக் காது குத்துறோம்மா. எதிர் வூட்டு அண்ணன் மடியில. இங்க காலையில, உங்களுக்குச் சாயங்காலம். வீடியோவுல கூப்புடுவேன், எடு.”

“அவன் வூட்டுல இருப்பானேடி.”

“இருக்கட்டும். வரவும் சொல்லலை, பேசவும் சொல்லலை. தெரிஞ்சுக்கட்டும்.”

அம்மா ஃபோனை வச்சுடுச்சு.

6

மால்ல ஒரு நகைக்கடை. காது குத்துற அம்மா கயானாக்காரங்க. சட்டையில குத்தியிருந்த பேரைப் பார்த்து நான் ரெண்டு தடவை படிச்சேன்: வீராசாமி. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பாட்டனுக்குப் பாட்டன் கரும்புத் தோட்டத்து வேலைக்குன்னு மெட்ராஸ்லேர்ந்து கப்பல் ஏறுனவராம், எந்த ஊருன்னு குடும்பத்துல யாருக்கும் தெரியாதாம். “நீங்க எந்த ஊரு?”ன்னு கேட்டாங்க. அரியலூர்னேன். அதை ஒருதரம் மெதுவாச் சொல்லிப் பார்த்துக்கிட்டாங்க.

குவாக்கு அண்ணன் வந்தாரு. தோள்ல அவங்க ஊர்த் தறியில நெய்த துணி, மஞ்சளும் பச்சையுமா பட்டை பட்டையா. ஒரு பக்கத் தோளைத் தொறந்து விட்டு, மறு பக்கம் போத்திக்கிட்டு, மால்ல போற சனமெல்லாம் திரும்பிப் பார்க்க ராஜா மாதிரி நடந்து வர்றாரு. கையில தட்டு. எட்டாவது மாடி அக்காகிட்ட கேட்டுக் கேட்டு வாங்கியிருக்காரு: புதுப் பாவாடை சட்டை, சின்னத் தோடு, தேங்காய், வெல்லம். வாழைப்பழத்துக்குப் பதிலா அவங்க பழக்கத்துல பச்சை வாழைக்காய், ஒவ்வொண்ணும் முழங்கை நீளத்துக்கு. அக்கா பின்னாடியே காப்பரிசி டப்பாவோட வந்தாங்க. வாழைக்காயைப் பார்த்து நான் சிரிக்க ஆரம்பிச்சேன், அழுதுக்கிட்டே.

வீராசாமி அம்மா ஒரு காகிதத்தை வச்சுக்கிட்டு, “கொழந்தையைப் புடிச்சுக்கப்போறது யாரு? என்ன உறவு?”ன்னு கேட்டாங்க.

“மாமா”ன்னாரு குவாக்கு அண்ணன். “அம்மாவோட அண்ணன்.”

அந்த அம்மா அவரைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. “எங்க வூட்டுலயும் மாமாதான்”னு சொல்லிட்டு எழுதிக்கிட்டாங்க.

நான் அம்மாவுக்கு வீடியோ போட்டேன். எடுக்காதுன்னுதான் நெனைச்சேன். எடுத்துச்சு. ஃபோனை எதுலயோ சாய்ச்சு வச்சிருக்கு போல, அம்மாவோட பாதி முகம், ஒரு ஃபேன், செவுத்துல ஒரு காலண்டர். அம்மாவுக்குப் பக்கத்துல யாரோ இருக்குற மாதிரி அடிக்கடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணு போச்சு.

கயல் மடியில ஏறி உக்காந்தா. குவாக்கு அண்ணன் அவ கையைப் புடிச்சாரு.  அன்பு போட்டோ எடுக்குது, அக்கா சாமி பேரைச் சொல்றாங்க, நான் ஃபோனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் இருந்துச்சு, ஒண்ணைத் தவிர.

மொதக் காது குத்துனதும் கயல் கத்துன கத்துல மால்ல நடந்து போனவங்க நின்னுட்டாங்க. கையை உதறுறா, காலை உதைக்கிறா. “வேணாம், மத்தது வேணாம்”ங்கறா. குவாக்கு அண்ணன் முகம் செத்துப்போச்சு. என்ன பண்ணுறதுன்னு தெரியாம என்னைப் பார்க்கிறாரு. நான் அன்பைப் பார்க்கிறேன்.

“ஏம்மா, வாயில வெல்லத்தை வைக்காம குத்துறாங்க பாரு.”

ஃபோன்லேர்ந்துதான் வந்துச்சு. அம்மா கொரல் இல்லை.

“மொதல்ல வெல்லத்தை வைக்கச் சொல்லு. புள்ளை பயப்படாதா பின்ன?”

திரையில அதே ஃபேன், அதே காலண்டர். அம்மா தலையைத் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருக்கு. கனவுல வர்ற மாதிரியே முகம் மட்டும் தெரியலை. 

“யாரு அது? என்ன சொல்றாரு?”ன்னு குவாக்கு அண்ணன் கேட்டாரு.

“எங்க அண்ணன்”னேன். “வெல்லத்தை வாயில வச்சுட்டுக் குத்தணுமாம்.”

குவாக்கு அண்ணன் அண்ணன் முகம் தெரியாத அந்தத் திரையைப் பார்த்து, பெரியவங்களுக்குச் செய்யிற மாதிரி தலையைத் தாழ்த்துனாரு. தட்டுலேர்ந்து வெல்லத்தை ஒடிச்சு, கயல் வாயில வச்சாரு. அவ விசும்பிக்கிட்டே சப்ப ஆரம்பிச்சா.

“ரெண்டு கையையும் சேத்துப் புடிச்சுக்கச் சொல்லு அவரை”ன்னுச்சு அண்ணன். இந்தத் தடவை அம்மாவைக் கூப்புடலை. நேரா சொல்லுச்சு. நான் இங்கிலீஷ்ல சொன்னேன், குவாக்கு அண்ணன் புடிச்சுக்கிட்டாரு. வீராசாமி அம்மா கிட்ட குனிஞ்சாங்க.

ரெண்டாவது காதுக்கு கயல் அழுவலை.